வாயு மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஒரு கூத்து. கிரேன் கூண்டில் உட்கார்ந்து கம்பிக்கட்டைத் தூக்கும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. சுமை அந்தரத்தில் தொங்குகிறது, கீழே ஆட்கள். மாரடைப்பு என்றே நினைத்தேன். வாக்கிடாக்கியில் மேஸ்திரி, "எல்லாரும் தள்ளி நிக்கிறோம், நிதானமா இறக்கு" என்றார். எப்படியோ இறக்கிவிட்டேன்.

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். "இதயத்துல கோளாறு இல்ல. மனசுல இருக்குற பயத்த உடம்பு இப்படித்தான் காட்டும். மறுபடி வந்தா மூச்ச மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடுங்க" என்றார். ஒரு வாரம் தரையில்தான் வேலை.

என்னோடு பேசிவிட்டுப் போனை வைத்ததும் உனக்கும் நெஞ்சடைத்து விரல் மரத்துப்போகிறது என்று அக்கா சொல்வாள். நீயோ, "வாயுடா, ஒண்ணுமில்ல" என்று மாத்திரையை விழுங்கிவிடுவாய். தள்ளிப்போடாமல் அக்காவோடு போய் டாக்டரைப் பார்.

இனிமேல் பேசி முடித்ததும் போனை உடனே வைக்காதே. டாக்டர் சொன்ன மாதிரி இருவரும் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டிருப்போம். நீ விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இன்றுதான் மறுபடி மேலே ஏறுகிறேன்.

உன் மகன்