காய்ந்த கேரட்டும் புளித்த முள்ளங்கியும்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டுத் தையல்காரர் எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. காய்ந்த கேரட் கதை எந்த வருஷம் நடந்தது என்று கேட்டிருந்தாய். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாதம்மா. ஆற்றுப் பாலம் இடிந்து, ரயில் நிலையக் கடிகாரம் நாலேகாலில் நின்று, ரொட்டிக்கடைக்காரர் தன் கல்யாணத்துக்குத் தானே பிந்தி வந்த வருஷம். நீ பிறந்ததும் அப்போதுதான்.

உன் கடிதத்தைத் தையல்காரர் மூன்று முறை படித்தார். ஒரே நிலத்தில் பிடுங்கிய கிழங்குகளை நாலு மாதம் வைத்திருந்து உன் ஆய்வுக்கூடத்தில் அளந்தாயாம். மணலில் புதைத்த கேரட் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, உப்புநீரில் புளித்த முள்ளங்கியில் வைட்டமின் சி பாதிக்குக் கிட்ட மிஞ்சியிருக்கிறது, வெயிலில் காய்ந்ததில் இனிப்பும் நாரும் உண்டு, ஆனால் அந்த சி மட்டும் துடைத்து எடுத்ததுபோல் இல்லை என்று எழுதியிருந்தாய். அது இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் கசியும் என்ற வரியை மட்டும் நாலாம் முறையும் படிக்கச் சொன்னேன். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன பெரியவரே, டீ போடட்டுமா என்றார்.

உனக்கு ஒரு சித்தி இருப்பது தெரியும், பேச்சுவார்த்தை ஏன் இல்லை என்பது தெரியாது. நாங்கள் வேலை பார்த்த காய்கறிக் கிடங்கில் காயவைக்கும் பரண் என் பொறுப்பு, உப்பு ஜாடிகள் உன் அம்மாவின் தங்கை பொறுப்பு, மணல் குழி எங்களோடு வேலை பார்த்த என் கூட்டாளி நெட்டையுடையது. யார் சரக்கு ஒசத்தி என்று தினமும் வாய்ச்சண்டை. நெட்டை மட்டும், நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க, என் கேரட் நிம்மதியாத் தூங்குது என்பான். பாலம் போனபின் புதுக் காய் எதுவும் வரவில்லை. இருப்பதில் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர். நான் நம் வீட்டுப் பங்கு முழுவதையும் காய்ந்ததாகவே வாங்கினேன். பால் சுண்டினால் ருசி ஏறுவதுபோல் தண்ணீர் போனால் சத்து இறுகி நிற்கும் என்று நம்பினேன். வீம்பும்தான். உன் அம்மாவுக்கு ஏழு மாதம். பல் தேய்த்தால் துப்பியதெல்லாம் சிவப்பு. அத்தான், அக்கா வாயைப் பாத்தீங்களா என்று உன் சித்தி கேட்டாள். பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான், ஒன் வேலையப் பாரு என்றேன். பிறகு மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது, என் காய்ந்த கேரட்தான் குணமாக்கியது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒருநாள் பார்த்தால் ஜாடித் தண்ணீரையும் முள்ளங்கித் துண்டையும் அவள் திருட்டுத்தனமாக அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நுரை கட்டிய தண்ணீர். ஜாடியை முற்றத்தில் போட்டு உடைத்தேன். அழுகல் தண்ணி குடுத்து என் பொண்டாட்டியக் கொல்லப் பாக்கறியா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் விடிந்ததும் முதல் படகில் போய்விட்டாள். அடுத்த வாரமே சரக்குப் படகுகளும் ஓடத் தொடங்கிப் புதுக் காய்கறி வந்தது, நீயும் நல்லபடியாகப் பிறந்தாய், நான் சொன்னதே உண்மையாகிவிட்டது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தானே நீ காய்ந்த கேரட்டை முதலில் அளந்தாய்? உன் அம்மா சாகும்வரை அதை மறுத்துப் பேசியதே இல்லை. தங்கை படத்தை மட்டும் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

இப்போது நான் கடைக்குப் போனால் ஒரு கேரட்தான் எடுக்கிறேன், ஒண்ணுதானா தாத்தா என்கிறாள் கடைக்காரி. ரேடியோவை நிறுத்துவதில்லை, நிறுத்தினால் குழாய் சொட்டுவது கேட்கிறது. நெட்டையும் போன மாதம் போய்ச்சேர்ந்துவிட்டான். அடக்கத்துக்கு உன் சித்தி வந்திருந்தாள், குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நான் பக்கத்தில் போவதற்குள் பஸ் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் மெதுவாகத்தான் நடந்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, பேத்திக்கு விரட்டி விரட்டி ஊட்டாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ரத்த அழுத்தத்துக்கு உப்புச் சரக்கு ஆகாது என்று நீ எழுதியது நினைவிருக்கிறது, தொடமாட்டேன். நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, அந்த அளவுக் கணக்கை உன் சித்திக்கு நீ தபாலில் அனுப்பிவிடாதே. செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும், போய்விடுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். கதவைச் சாத்தினால் வாசலிலேயே நின்று, நீதான் அக்காவைக் காப்பாத்தினே, நான்தான் முட்டாள் என்று சொல்லிவிட்டு வருவேன். உன் அம்மாவின் சிவந்த வாயைப் பார்த்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், நாங்கள் வீட்டில் சிட்டு என்று கூப்பிட்ட உன் சித்தி.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும்
உன் அப்பா