'தாடை நடுக்கம்' என்று எழுதினேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து இரண்டு முறை கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடினால், மூளை அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. திரையில் அதன் இரைச்சலும் சேர்ந்து விழும். வழக்கம்போல ஃபில்டர் போட்டுச் சுத்தமாக்கி அனுப்பினேன். புது டாக்டர் வெபிசா திருப்பி அனுப்பிவிட்டார். "கழுவித் துடைச்சுத் தராதீங்க காயின்ஸா. வேகமான அலையெல்லாம் உங்க ஃபில்டர்லயே போயிடுது."

பதினோரு வருஷமாக இந்த ம்பாலே ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கிறேன். எனக்கே பாடமா?

மார்ச் 6

அவர் சொன்னது சரிதான். வலிப்பு கிளம்பும் இடத்தில் மூளை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் நடுங்குமாம். திரையில் பொடிப்பொடியான கோடு. பல்லைக் கடித்தாலும் அதே மாதிரிதான் விழும். அதனால் எல்லாவற்றையும் தாடை நடுக்கம் என்று தள்ளியிருக்கிறேன்.

எத்தனை பேரை?

மார்ச் 7

பழைய பதிவுகளை ஃபில்டர் எடுத்துவிட்டுத் திறந்தேன். நெலிமா, தையல்காரி, மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள். ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் இடது நெற்றிப்பொட்டில் அந்த நடுக்கம். கீழே நான் எழுதியது: 'தாடை நடுக்கம். பொருட்படுத்த வேண்டாம்.' இடம் தெரியவில்லை, ஆபரேஷன் முடியாது என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவளைத் தேடி ஆள் அனுப்பினேன்.

மார்ச் 12

நெலிமா வந்தாள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. போன வருஷம் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தாளாம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கும் தலையில ஒயர் ஒட்டணும்னு சடையை அவிழ்க்கச் சொன்னீங்க அக்கா. தலை முழுக்க ஆறு மணி நேரம் பின்னின சடை. அவிழ்த்தேன். ஒண்ணுமில்லைன்னு அனுப்பினீங்க. இப்ப மறுபடியுமா?"

"ஆமா."

"இந்தக் கையை வச்சு எப்படித் திரும்பப் பின்னுவேன்? வலிப்புக்காரி தலையை எவ தொடுவா?"

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போனாள். வருவாளா?

மார்ச் 14

வந்தாள். சடையை அவிழ்த்து, நான் சொன்னபடி ராத்திரி முழுக்க விழித்திருந்து.

தூங்கினால் தாடை தளரும். அப்போதும் நடுக்கம் இருந்தால் அது மூளைதான். காவலாளியிடம் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். "ஃப்ரிட்ஜ்ல மேட்ரனோட மீன் இருக்கு. கெட்டுச்சுன்னா என்னைப் பொரிச்சிடுவாங்க!" என்றான், ஆனால் நிறுத்தினான். எந்திரத்தை பேட்டரியில் ஓட்டினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கிப்போனாள். வாய் திறந்து, ஓரத்தில் எச்சில். திரையைப் பார்த்தேன். இடது பொட்டு — நடுக்கம். மறுபடியும். மறுபடியும்.

மூன்று வருஷமாக இங்கேயேதான் இருந்திருக்கிறது. அழுதுவிட்டேன்.

மே 20

நெலிமாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்து என் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆறு மாதமாக ஒரு வலிப்பும் இல்லை. கை மட்டும் அப்படியே. அதற்கு இங்கே ஆபரேஷன் இல்லையாம்.

முடி பின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்து, என் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். தழும்பை ஒட்டிய வரிசையைத் தளர்வாக விட்டேன். பாதியில் கேட்டே விட்டேன் — "என்னை மன்னிச்சிட்டியா?"

"பேசாம பின்னுங்க அக்கா. விரல் வலிச்சாலும் நிறுத்தக் கூடாது."

இரண்டு மணிக்குத்தான் முடிந்தது.