நீரேற்று நிலையத்துக்குப் போன சுற்றுலா

பிப்ரவரி 6

என் தம்பிக்கு,

போனில் நான் பேசியதில் பாதி உன் காதில் விழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஆமா, இங்கயும் மழைதான்" என்கிறாய். இனி கடிதம்தான் உனக்குச் சரி. படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள். தையல் கண்ணாடி அல்ல, படிக்கிற கண்ணாடி.

உன் அத்தான் போனதிலிருந்து நான் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்று மகளுக்குக் கவலை. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு தினமும் திட்டுகிறாள். அவள் தொல்லை தாங்காமல் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். குடும்ப வரலாற்று வட்டம் என்று பெயர். நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். செயலாளர் பழைய ஸ்டேஷன் மாஸ்டர். நிகழ்ச்சிகளை ரயில் வருகிற மாதிரிதான் அறிவிக்கிறார். மார்ச்சில் பழைய போட்டோக்களைப் பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை. ஏப்ரலில், ஒரே வீட்டில் ஒரே தொழில் எப்படித் தங்குகிறது என்று ஒரு பேச்சு. மே மாதம் பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற பழைய நீரேற்று நிலையத்துக்குச் சுற்றுலா. ஜூலையில் ஒவ்வொருவரும் எழுந்து அவரவர் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் வார்டு முழுக்க அதட்டியவளுக்குப் பத்து நிமிஷம் பேச வராதா என்ன?

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கடையில் மாட்டியிருக்கிற போட்டோவைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பு. அப்பா, அம்மா, நாம் மூன்று பேர், நடுவில் புதுத் தையல் மெஷின் இருக்குமே, அதுதான்.

இன்னொன்று, அண்ணன். வட்டத்துக்காகக் குடும்ப வரைபடம் ஒன்று வரைகிறோம், அதில் அவனுக்கும் ஒரு கட்டம் போட்டேன். பிறந்த வருஷம் எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது, காலியாக விடுங்கள் என்கிறார் செயலாளர். உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

போட்டோவைக் கழற்றினால் சுவரில் சுண்ணாம்பு உதிரும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். கழற்றிவிட்டேன். உதிர்ந்தது. லைனிங் துணியில் சுற்றி அனுப்புகிறேன், மடிக்காதே.

கடை ஓடுகிறது. புதுச் சட்டை தைக்க யாரும் வருவதில்லை. ரெடிமேட் வாங்கிக்கொண்டு நீளம் குறைக்கத்தான் வருகிறார்கள். ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் கண் மக்கர் பண்ணுகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

பெரியவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரிந்ததுதான். படிப்பை நிறுத்தி மெஷினில் உட்காரச் சொன்னார் அப்பா, மாட்டேன் என்றான் அவன். பையைத் தெருவில் வீசினார், எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வருஷம், வெளியூரில் காய்ச்சலில் செத்துப் போனான் என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். யாருக்கும் தகவல் வந்ததில்லை, காகிதமும் வந்ததில்லை. அவராகச் சொன்னதுதான். நம்மையும் அப்படியே சொல்லச் சொன்னார், சொன்னோம்.

அதையே எழுதிவிடேன். உன் வரைபடத்துக்கு இரண்டு கட்டம் போதும்.

தம்பி

*

மார்ச் 24

என் தம்பிக்கு,

போட்டோ பத்திரமாக வந்தது. நீ சுற்றிய சுற்றில் அதைப் பிரிக்கத்தான் கால் மணி நேரம் ஆயிற்று.

பட்டறை நடத்தியவர் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொருவர் படமாகப் பார்த்தார். நம் படத்தைப் பார்த்ததும், "எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க. இந்தப் பையன் மட்டும் மெஷின் சக்கரத்தையே பாக்கறான். யாரு இவன்?" என்று கேட்டார். எங்க அண்ணன் என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாக்குத் தடுக்கியது. பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

உனக்கு நினைவிருக்கிறதா? மெஷின் ஓடும்போது அதன்மேல் காதை வைத்துக் கேட்பான். எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று சொல்வான். ஒருநாள் அப்பா அந்தக் காதிலேயே அறைந்தார்.

மே மாதச் சுற்றுலாவுக்கு விருந்தாளியைக் கூட்டி வரலாமாம். உன் பெயரையும் கொடுக்கட்டுமா? உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. வர முடியாது. தண்ணீர் இறைக்கிற மெஷினைப் பார்க்க பஸ் வைத்துப் போகிற கூட்டத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அவன் காதில் அறைந்தது நினைவிருக்கிறது. அவன் போன பிறகு அந்த ஸ்டூலில் என்னைத் தூக்கி உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது. கால் பெடலுக்கு எட்டவில்லை. பலகை வைத்துக் கொடுத்தார். நீ அப்போது நர்சு படிப்புக்குப் போய்விட்டாய். நான் எதுவும் சொல்லவில்லை, சும்மா எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு.

தம்பி

*

மே 17

என் தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி. கடையில் ஆள் இருந்தால் அப்புறம் படி.

சுற்றுலா போய் வந்தோம். செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், உள்ளே வீட்டை விடப் பெரிய இரும்புச் சக்கரம். இப்போது தண்ணீருக்கு அது தேவையில்லை, பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார். மோட்டார்காரர் என்று கூப்பிடுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பின்னால் ஒரு அறையில் அங்கேயே தங்கிவிட்டாராம். தலையில் முடி இல்லை, நல்ல ஒல்லி. மெஷினைக் கிளப்பிவிட்டு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பேசாமல் இருங்கள் என்கிற மாதிரி. அப்புறம் குனிந்து இரும்பு மூடியின் மேல் காதை வைத்தார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாக்கிவிட்டது என்று செயலாளர் விசிறினார்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவரிடம் போனேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அண்ணா என்று கூப்பிட்டேன். அப்பா பெயரைச் சொன்னேன், நம் தெருவைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆள் மாறிப் போச்சும்மா," என்றார். "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கிடையாது."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் வால்வை மூடப் போய்விட்டார்.

தம்பி, அது அவன்தான். ஆயிரம் பேர் இல்லை என்று சொல்லட்டும். செத்துப் போனதாகச் சொன்ன ஒருவன், நான் மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இருந்திருக்கிறான். நீ வந்து ஒருமுறை பார். நீ சொன்னால் நம்புகிறேன்.

அக்கா

*

மே 25

அக்காவுக்கு,

நான் வரவில்லை. நீயும் மறுபடி போகாதே.

அவனாக இல்லையென்றால் ஒரு பெரிய மனுஷனை வீணாகத் தொந்தரவு செய்கிறாய். அவனாக இருந்தால் அது அதைவிட மோசம். அப்பா கை கால் விழுந்து கிடந்தபோது யார் புரட்டிப் போட்டது? அம்மா கடைசியில் ஆள் தெரியாமல் என்னைப் பெரியவனே, பெரியவனே என்று கூப்பிட்டாள். ஆமாம்மா, வந்துட்டேன் என்று நான்தான் சொன்னேன். தினமும் சொன்னேன். அப்படித்தான் அவளைச் சாப்பிட வைக்க முடிந்தது. நீ லீவுக்கு வந்து போவாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்கும் வேலை, குடும்பம். எனக்குக் குடும்பம் என்று ஒன்று அமையாமலே போய்விட்டது, அவ்வளவுதான்.

என் பெயரை அவனிடம் ஏன் சொன்னாய்?

தம்பி

*

ஜூன் 21

அக்காவுக்கு,

போனேன். உன்னிடம் சொல்லாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சீருடை எல்லாம் கொடுத்து முடித்த மறுநாள், கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். உன் வீட்டைத் தாண்டித்தான் பஸ் போயிற்று. உன் பால்கனியில் துணி காய்ந்தது.

பார்வையாளர்கள் யாரும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தை இல்லை, சட்டையை. நான் எனக்குத் தைத்துக்கொண்ட வெள்ளைச் சட்டை.

"காலர் ஓரத்துல ரெட்டைத் தையல்," என்றான். "அப்பா கை."

"என் கை," என்றேன்.

உள்ளே வரச் சொன்னான். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் இரண்டு பேண்ட். ஒரே ஒரு டம்ளர் இருந்தது. எனக்கு அதில் டீ கொடுத்துவிட்டு அவன் பாத்திரத்திலேயே குடித்தான். அம்மாவைக் கேட்டான், சொன்னேன். பெரியவனே என்று கூப்பிட்டதையும் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உன்னிடம் ஏன் இல்லை என்று சொன்னான் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னான். "அவ சந்தோஷமா வந்தா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நீ கோவமா வந்திருக்கே. இது எனக்குப் புரியுது."

இத்தனை வருஷம் எனக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். நீ உட்கார மாட்டேன் என்ற இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள், நான் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அழவில்லை.

தெரியும் என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒரு தடவை வந்தேன். கடைக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும். எனக்கு ஒரு வேலை கெடச்சிருந்தது, உன்னை என்கூட கூட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். நீ தலை குனிஞ்சு தைச்சிட்டிருந்தே. காலுக்குக் கீழ பலகை. அப்பா பக்கத்துல நின்னார். அவரைப் பாத்ததும் கால் வரல. திரும்பிட்டேன்."

அக்கா, அவன் வரவே இல்லை என்று நினைத்திருந்தவரை என்னால் அவனைத் திட்டிக்கொண்டே இருக்க முடிந்தது. திட்டித் திட்டியே ஒருநாள் மன்னித்தும் இருப்பேன். அவன் வந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனான். நான் நிமிர்ந்திருந்தால் அவனைப் பார்த்திருப்பேன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, இனி யாரும் இங்கே வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் சரி என்றான்.

அது அவன்தான். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

தம்பி

*

ஜூலை 29

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே நான் கடைசி நிறுத்தத்துக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. மோட்டார்காரர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார் வாட்ச்மேன். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பை ஒன்றுதான் கொண்டு போனாராம். உடம்பு முடியாத வயசில் இப்படித் திடீரென்று கிளம்பிவிட்டாரே என்று அந்த ஆளே வருத்தப்பட்டார். நான் சந்தோஷமாகப் போனதால் போனானா, நீ கோபமாகப் போனதால் போனானா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து துரத்திவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் கேட்டுவிட்டேன். முதியோர் இல்லங்களிலும் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் என் முறை வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெயர் கொடுத்துவிட்டோமே என்று போனேன். அப்பா தையல்காரர், அம்மா காஜா எடுப்பாள் என்று ஆரம்பித்தேன். நாங்கள் மூன்று பேர், அண்ணனுக்கு மெஷின் வேலை, தம்பி அப்பாவின் கடையைப் பார்க்கிறான், நான் நர்சு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பத்து நிமிஷத்துக்கு வரவில்லை, மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்குக் கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மூணு பேருமே உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். செயலாளர்கூட எழுந்து தட்டினார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ பிறந்ததிலிருந்து வந்ததில்லை, அன்றைக்குத்தான் வந்தது. நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை, பேச எனக்கு வாயும் இல்லை. ஆனால் அந்தப் பஸ் என் வீட்டு வாசலில் நிற்கும். நீ ஜன்னல் வழியாக என் துணியைப் பார்த்துக்கொண்டே போனாய். இறங்கி, வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நானும் அந்தக் கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எதுவும் கேட்டிருக்க மாட்டேன். தேடியது நான். அவன் உன்னிடம்தான் பேசினான், எனக்கு ஆள் மாறிப் போச்சு. இனி யாரும் வர மாட்டோம் என்று எனக்கும் சேர்த்து நீயே சொல்லிவிட்டு வந்துவிட்டாய்.

போட்டோவை இத்துடன் அனுப்புகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். கோபம் தணிந்ததும் நானே எழுதுகிறேன். வயசாகிவிட்டது, முன்போல எதுவும் சீக்கிரம் ஆறுவதில்லை.

கண்ணை டாக்டரிடம் காட்டு.

அக்கா