பின்னால் வரும் மொபெட்

பாப்பாவுக்கு அப்பாவின் ஸ்தோத்திரம்.

நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதி டிபன் பாக்ஸோடு வைக்கிறேன். குழம்பு பட்டிருந்தால் அம்மாவைத் திட்டு.

கல்யாணப் பேச்சு முறிந்ததிலிருந்து வெயில், மழை, பனி பார்க்காமல் சாயங்காலமானால் பைக்கை எடுத்துவிடுகிறாய். "மண்டை லேசாவுதுப்பா" என்கிறாய். நீ திரும்பும் வரை என் மண்டை கனக்கிறது. திருமலைப் பாறை உச்சியில் தனியாக உட்காருகிறாய் என்று யாரோ சொன்னதிலிருந்து நானும் மொபெட்டில் பின்னால் வருகிறேன். களம்பூர் வருவதற்குள் நீ கண்ணுக்கு மறைந்துவிடுகிறாய். நெல் லாரிகூட என்னை முந்திவிடுகிறது.

நேற்று மழையில் மலையடிவாரத்தில் உன் பைக் மட்டும் நின்றது. பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். டீக்கடை அம்மா, "பின்னாடியே வந்துகினு இருக்கிற அப்பா நீங்கதானா? பொண்ணு மேல போயிருக்குது, வந்துடும். உங்களுக்கு சூடா டீ குடுக்கச் சொல்லிச்சு" என்றார்.

நீ படியிறங்குவது தெரிந்ததும் உன் கண்ணில் படாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

இத்தனை நாளும் தெரிந்துதான் ஓட்டினாயா? இனி ஒளிந்து வர மாட்டேன். நீயும் ஓட்டுவதை நிறுத்த வேண்டாம். கண்ணாடியில் மொபெட் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போம்மா.

டீ குடித்த,
அப்பா