கம்பியில் வந்த பதில்

கில்பிரைட், சஸ்காச்சுவான்
1945 ஜனவரி 21, ஞாயிறு

அன்பு மகன் லாக்லனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், அங்கே இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் உன் உடம்போடு மனசும் சேர்ந்து தேறிவர வேண்டும் என்று கர்த்தரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸைக் கொண்டு நீ எழுதுவித்த கடிதம் போன வாரம் வந்தது. ரோடு முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது, தபாலை அப்பாதான் குதிரைச் சறுக்கு வண்டியில் போய் வாங்கிவந்தார். செவலைப் பசு இந்தக் குளிரில் முந்திக்கொண்டு கன்று போட்டுவிட்டது, கன்றைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன், இப்போதுகூட என் பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறது. நீ எழுதியிருக்கிறாயே, ஹாலந்தில் நான் ரொட்டி லாரி ஓட்டினவன்தான், சண்டை போட்டவன் இல்லை, ஊரில் என்னைப் பற்றிப் பெருமையடிக்காதீர்கள் என்று. அடேய், முன்னால் நின்று சுட்டவர்கள் காற்றையா குடித்துக்கொண்டு சுட்டார்கள்? இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற கரைமேல், விளக்குப் போடாமல், கண்ணிவெடி எங்கே இருக்கிறதோ தெரியாமல் அவர்களுக்குச் சோறு கொண்டுபோனவன் நீ. பெருமையடிப்பேன், சர்ச்சில் அடிப்பேன், கடையில் அடிப்பேன், உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்.

உன் இடது கை போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்கு அப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் மனுஷர் வலது கையைக் கோட்டுக்குள் விட்டு மேலே பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்திருக்கிறார். என்னங்க இது கூத்து என்று கேட்டேன். "அவனுக்குப் பழக்கமான கை இடது, எனக்கு வலது. பழகின கை இல்லாம இந்தப் பண்ணையில என்னென்ன முடியும்னு பாக்கறேன், சும்மா இரு" என்றார். முதல் நாள் பசு உதைத்துப் பாலெல்லாம் வைக்கோலில் போயிற்று, குதிரைக்குச் சேணம் மாட்டப் போய் அதன் காலடியிலேயே விழுந்தார், நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஆனால் விடவில்லை. இப்போது கறக்கிறார், வைக்கோல் குத்தி எடுக்கிறார், சேணத்தின் பக்கிளைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டுகிறார். டிராக்டர் கியரை மட்டும் மறுபக்கம் மாற்றி வைக்க வேண்டுமாம், பனி உருகினதும் செய்துவிடுவாராம். இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்றார், எழுதிவிட்டேன், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ராக்னாவிடம் சொல்லிவிடு, எங்களுக்குள் கல்யாணம் பேசினது பேசாததாக இருக்கட்டும், அவளுக்கு விடுதலை, நான் ஊர் திரும்பப்போவதில்லை, இங்கேயே ஏதாவது ஆபீசில் உட்கார்ந்துகொள்வேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்ததே கோபம்! கல்யாணம் பேசத் தெரிந்த வாய்க்கு வேண்டாம் என்று சொல்ல அம்மா வேண்டுமா? ராக்னாவுக்கு நீ எழுதியே மாசக்கணக்காகிறது. சொல்லவும் மனசு வரவில்லை, மறைக்கவும் மனசு வரவில்லை, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை காலையில் அவளே டெலிபோனில் கூப்பிட்டாள். "மிஸஸ் மெக்குவாரி, லாக்லன்கிட்டயிருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ரோடு திறந்ததும் நேரில் வருகிறேனே என்றேன். "இல்ல, இப்பவே சொல்லுங்க" என்றாள்.

நம் டெலிபோன் கம்பிதான் உனக்குத் தெரியுமே, அவர்கள் வீடு ஒரு கோடி, நம் வீடு ஒரு கோடி, நடுவில் அத்தனை பண்ணைக்கும் ஒரே கம்பி, மணி யாருக்கு அடித்தாலும் எல்லாரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். டெம்ப்ஸ்டர் கிழவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் வீட்டுக் கடிகாரச் சத்தத்திலேயே தெரிந்தது, ஹேஸல் குரோதர் இருமலை அடக்குகிறாள். கேட்டால் கேட்கட்டும் என்று நீ எழுதினதை அப்படியே படித்தேன். ராக்னா என்னவோ சொல்கிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, இத்தனை பேர் எடுத்துவைத்திருந்தால் சத்தம் எப்படி வந்து சேரும்? நான் வெட்கத்தை விட்டுக் கத்தினேன், யாராவது போனை வையுங்கள், என் பிள்ளை வாழ்க்கை இது என்று. ஒருத்தரும் வைக்கவில்லை. அவள் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறவர் டெம்ப்ஸ்டர், அவர்தான் வாயைத் திறந்தார். "இரும்மா எஃபி, எனக்குக் கேக்குது, நான் சொல்றேன். வேண்டாமாம்மா. வேண்டாங்கறா." நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள்மேல் ஒரு துளி கோபம் வரவில்லை, சின்னப் பெண், அவளுக்கும் வாழ்க்கை இருக்கிறது, ஆனால் நீ இனிமேல் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டாய் என்று அப்போது தோன்றிவிட்டது.

அதற்குள் ஹேஸல் இரைந்தாள் பார். "யோவ் செவிட்டுக் கெழவா! பாதியக் காதுல வாங்கிட்டு ஒரு பொம்பளையக் கொல்லப் பாக்கிறியே! விடுதலை வேண்டாங்கறாய்யா அவ! விடுதலை வேண்டாம்!" டெம்ப்ஸ்டர் "அதத்தானே நானும் சொன்னேன், வேண்டாம்னு" என்கிறார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஹேஸல் ஒவ்வொரு வார்த்தையாக வாங்கி எனக்குச் சொன்னாள். "என்னை வேண்டாம்னு சொல்றதுன்னா அவனே கப்பலேறி வரட்டும், எங்கப்பா முன்னாடி நின்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், அம்மாகிட்டச் சொல்லி அனுப்பற சமாசாரமா இது? அதுவரைக்கும் நான் பேசினது பேசினதுதான்." இதுதான் ராக்னாவின் பதில், ஊரே கேட்ட பதில், நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை குறைக்கவில்லை.

கடைசியில் டெம்ப்ஸ்டரே, "சரி சரி, எல்லாரும் வைங்க, அந்தப் பொண்ணு அழுவுது" என்றார். டக் டக்கென்று ஒவ்வொருவராக வைக்கும் சத்தம் கேட்டது. கம்பி தெளிந்துவிட்டது, பக்கத்து அறையில் இருக்கிறமாதிரி அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. "அத்தை" என்று கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அத்தை, அவனுக்கு இன்னும் வலிக்குதாமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது மகனே. பெற்றவள் நான், நீ எங்களுக்கு அதைச் சொல்லவே இல்லை, நானும் கேட்கப் பயந்து கேட்கவில்லை. அவள் கேட்டுவிட்டாள். தெரியவில்லையே அம்மா என்றுதான் அவளிடம் சொன்னேன்.

சஸ்கட்டூன் பழ ஜாமும் கம்பளிக் காலுறையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், ஜாமை அந்த நர்ஸ் பெண்ணுக்கும் கொடு. ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரம் படுக்காதே, கஞ்சி பிடிக்கவில்லை என்று தள்ளாதே. கர்த்தர் உன்னைத் தம் கையில் வைத்துக் காப்பாராக, கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. மறக்காதே, அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம், ராக்னாவுக்கு எழுது. நர்ஸிடம் சொல்லி எழுதாதே, வலது கையாலேயே எழுது, கோணலாக இருந்தால் இருக்கட்டும். வலிக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சொல்.

உன் அம்மா,
எஃபி மெக்குவாரி