மாலை மட்டும் தனி அடுக்கில்

இராமநாதபுரம்,
24.10.2007

அன்புள்ள மருமகன் அமலனுக்கு,

உன் தாய்மாமன் சூசைமாணிக்கம் எழுதுவது. நேற்றுத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். குரல் உயர்ந்துவிடும் என்று அஞ்சினேன். கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை குவிந்து கிடக்கிறது, உடம்பும் ஓய்ந்திருக்கிறது. ஆயினும் இதை எழுதாமல் உறங்க முடியாது.

நீ அனுப்பிய படம் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்துக்கு வந்தது. நானும் அங்கே இருந்தேன். பூசை முடிந்து திரும்பிய பெண்கள் சிலர், சென்னையிலிருந்து பார்சல் என்றதும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். உறையைப் பிரித்தது பக்கத்து வீட்டு லூர்தம்மா. உன் தந்தையின் முகம் வெளிப்பட்டது. அதன் கீழே கழுத்தில் சந்தன மாலையும் வெளிப்பட்டது. லூர்தம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உன் தாய் மட்டும் அழவில்லை. அடுப்பில் குழம்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நீ இந்தக் கரையில் பிறந்தவன். உயிரோடு இருப்பவனைப் புகைப்படமாகவும் இறந்தவனை மாலையிட்ட ஓவியமாகவும் சுவரில் மாட்டுவது இங்குள்ள வழக்கம் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஆடிக் காற்றில் உன் தந்தை இன்னாசி மச்சானின் வள்ளம் கவிழ்ந்தது. உடன் போன இருவரும் சடலமாகக் கரை ஒதுங்கினார்கள், அவர் ஒதுங்கவில்லை. அக்கரையில், இலங்கையில் ஏதோ ஒரு சிறையில் இருப்பதாக உன் தாய் நம்புகிறாள். அப்படித் திரும்பி வந்தவர்கள் நம் தீவில் உண்டு என்பதால் அவளை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. தாலியைக் கழற்றவில்லை, தலையில் பூ வைப்பதை நிறுத்தவில்லை. சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு, பூசையில் வாசிக்கும் இறந்தோர் பெயர்களில் அவர் பெயரைத் தர மறுத்துவிட்டாள். ஊரும் பொறுத்துக்கொண்டது.

உன் திறமையில் எனக்கு ஐயமில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த ஓவிய மென்பொருளை எனக்குக் காட்டினாய். தூரிகையில் சாயம் தீரத் தீரக் கோடு வறண்டது. நீர்வண்ணம் காகிதத்தில் ஊறிப் பரவியது. நீ ஆணையிட்டதும் காய்ந்தது. ஒரு துளி நீரும் இல்லாமல் இத்தனையும் நடப்பதைக் கண்டு வியந்தேன். இந்தப் படத்திலும் அந்த வித்தை இருக்கிறது. அடையாள அட்டையிலிருந்த மங்கிய முகத்திலிருந்து, வெயிலுக்குச் சுருங்கிய அவர் கண்களை அப்படியே மீட்டிருக்கிறாய். மாலை இல்லாதிருந்தால் உன் தாய் அதை மடியை விட்டு இறக்கியிருக்கமாட்டாள்.

திங்கட்கிழமை கோயில் உபதேசியார் வந்தார். இந்த ஆண்டாவது பெயரைச் சேர்த்துவிடலாமா என்று மென்மையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெருக்குழாயடியில் அந்த மென்மை இல்லை. "பெத்த மகனே மாலையப் போட்டு அனுப்பிட்டான், இவ இன்னும் மல்லிகப்பூ வச்சுக்கிட்டுத் திரியுறா. யாருக்கு இந்தச் சிங்காரமாம்?" என்று ஒருத்தி கேட்டாளாம். உன் தாய் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது லூர்தம்மாதான் தண்ணீர் எடுத்துத் தருகிறாள்.

அன்று மாலை நான் மீண்டும் போனபோது வீடெங்கும் சீமெண்ணெய் வாடை. படத்தைத் தரையில் கிடத்தி, பழைய சேலைத் துணியால் மாலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். "எண்ணெய்ச் சாயத்துல வரஞ்சதுன்னு நம்ம அமலன் போன்ல சொன்னான்லண்ணே. வள்ளத்துக்குச் சாயம் அடிச்சா இவுக சீமெண்ணெயிலதான கை கழுவுவாக? போகணும்ல? இது போக மாட்டேங்குதே" என்றாள். அது எண்ணெய்ச் சாயமே அல்ல, அப்படித் தோன்றும்படி அச்சிட்ட துணி என்று விளக்கினேன். அவள் காதில் ஏறவில்லை. அழுத்தித் தேய்த்தாள். மேலிருந்த பளபளப்பு உரிந்து, முகவாய் வெளுத்து, உதடும் போயிற்று. மாலை அப்படியே நின்றது. "மால நிக்குது, மொகம் போகுதுண்ணே" என்றாள். துணியை அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று.

இதை உன்னிடம் தெரிவிக்கத்தான் நேற்று அழைத்தேன். நீ சிறிதும் கலங்காமல் பதில் சொன்னாய்: "அதுக்கென்ன மாமா, மால தனி லேயர்லதான் இருக்கு. ஒரு நிமிசத்துல எடுத்துட்டு வேற பிரிண்ட் போட்டு அனுப்பிருறேன்."

அனுப்பாதே.

உன் கணினியில் மாலைக்கென ஓர் அடுக்கு உண்டு. அதை அணைத்தால் அடியில் சட்டை முழுதாக இருக்கும். நம்புகிறேன். உன் தாய்க்கு அப்படி அடுக்குகள் இல்லை. அந்த மாலையை அவள் பார்த்துவிட்டாள், ஊரும் பார்த்துவிட்டது. அவர் இனி வரமாட்டார் என்று நீ முடிவு செய்திருக்கிறாய். அது குற்றமென்று நான் சொல்லவில்லை. அந்த முடிவை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கூரியரில் அனுப்பினாய். அதை லூர்தம்மா பிரித்தாள். இப்போது மாலையை நீக்கி இன்னொன்று அனுப்பினால், அவர் உயிரோடிருப்பதாக நீயும் நம்புவதாகவே அவள் எடுத்துக்கொள்வாள். எது உன் எண்ணமோ அதை உன் வாயால் சொல். இரண்டையும் படமாக அனுப்பாதே.

அவள் இரண்டு நாளாகக் கஞ்சி மட்டும் குடிக்கிறாள். சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா என்று தெரியவில்லை. வடகிழக்கு மழை தொடங்கிவிட்டது. கூரையின் மேற்கு மூலை ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். படத்தை நான் இங்கே எடுத்து வந்துவிட்டேன். கேட்டால் கொடுப்பேன். இதுவரை கேட்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்லறைத் திருநாள். அதற்குள் வந்து சேர். உபதேசியாருக்கு என்ன பதில் என்று நான் அவளிடம் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்காதே. பெயரைக் கொடுக்கிறாளோ மறுக்கிறாளோ, பூசை முடியும்வரை அவள் பக்கத்தில் நில். குழாயடிப் பெண்கள் உன்னைப் பார்க்கட்டும்.

ஆண்டவர் உன் பயணத்தைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவைத் தட்டாதே. தெருமுனையிலிருந்தே "அம்மா, நான் அமலன்" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு வா. கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அவள் ஈரக்கையைக் கூடத் துடைக்காமல் ஓடி வருகிறாள்.

உன் தாய்மாமன்,
ம. சூசைமாணிக்கம்