எட்டாவது தட்டில் தங்கப் பூசணி

சோங்மிங் தீவு
குளிர்காலத் தொடக்கம்

அன்பு மகள் யாச்சினுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு மாதம் நிறைந்த என் பேத்தியும் அந்த உரும்ச்சிக் குளிரில் கதகதப்பாக இருக்கவேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், இது உன் தங்கை ஹுய்லியன் கை. என் வலது கையில் வெந்நீர் கொட்டிக் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, ஆறி வருகிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்றாலும் என்னைவிடத் தெளிவாகத்தான் எழுதுகிறாள்.

நீ அங்கே இருந்தாலும் குழந்தையின் மாத விருந்தை இங்கே நடத்திவிட்டோம். நடத்துவேன் என்று சொன்ன நாளிலிருந்தே முணுமுணுப்புதான். உன் பெரியப்பா வாசலில் நின்றபடியே, “ஒரு புள்ளைக்கு மேல பெத்துக்க முடியாத காலம், அதுவும் பொண்ணாப் போச்சு, இதுக்கு எதுக்கும்மா ஊரைக் கூட்டுற? நாலு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டுக் குடுத்தாப் பத்தாதா?” என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன், ஆண் குழந்தைக்கு என்னென்ன வைப்பார்களோ அத்தனையும் வைப்பேன் என்று. சூடான பதார்த்தம் வருவதற்கு முன் எட்டுக் குளிர்ந்த தட்டு, நடுவில் வேகவைத்தால் நூல் நூலாகப் பிரியுமே நம் தங்கப் பூசணி, அந்த இழை ஜெல்லிமீன் கலந்து. ஒரு தட்டு குறைந்தாலும் பெண் குழந்தை என்பதால் குறைத்துவிட்டாள் என்று இந்தத் தீவு முழுக்கப் பேசும், அந்தப் பேச்சு உன் மகள் வளர்ந்த பிறகும் நிற்கும்.

விருந்துக்கு முதல் நாள் காலை கட்டிலுக்கு அடியில் இருந்த நம் பூசணிகளில் ஒன்றை அறுத்து வேகவைத்தேன். வெளியே நல்ல தங்க நிறம். விரலால் அழுத்தினால் இழை பிரியவில்லை, கட்டி கட்டியாக உதிர்ந்தது. சரி, ஒன்று அப்படி இருக்கும் என்று அடுத்ததை அறுத்தேன், அதற்கடுத்ததையும் அறுத்தேன். எல்லாம் அதே கதை. அந்த அவசரத்தில்தான் கையிலும் கொட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. போன வருடம் உன் அத்தை வேலியோரம் பச்சைப் பூசணிக்கொடி போட்டிருந்தாள் இல்லையா, தேனீ அங்கும் இங்கும் போய் இரண்டையும் கலந்துவிட்டது. அந்தக் காய்களிலிருந்து எடுத்து வைத்த விதையில் முளைத்ததுதான் இந்த வருடத்துக் காய். அத்தையைக் கேட்டால், “அண்ணி, தேனீக்கு நான் எப்படி வேலி போடுவேன்?” என்கிறாள். அதுவும் சரிதான்.

விருந்து சமைக்க வந்த சமையல்கார மாமா உன் அப்பாவைப் பார்த்து, “கவலைய விடுங்க, கண்ணாடிச் சேமியாவை மஞ்சத் தண்ணியில ஊறப் போட்டா எவன் கண்டுபிடிப்பான்? இல்லன்னா ஏழு தட்டோட நிறுத்திக்குவோம்” என்றார். உன் அப்பாவும் தலையாட்டப் போனார். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. “ஏழு தட்டு சாவு வீட்டுல வைக்கிறது. என் பேத்தி இப்பத்தான் பொறந்திருக்கா” என்றேன்.

ஹுய்லியன் சைக்கிளை மிதிக்க, நான் கட்டுப் போட்ட கையோடு பின்னால் உட்கார்ந்து கிளம்பினோம். கால்வாய்க்கரை வீடுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டோம். உன் தங்கையைத்தான் உனக்குத் தெரியுமே, தபால்காரர் வந்தாலே உள்ளே ஓடுகிறவள். அன்றைக்கு எனக்கு வலியில் பேச்சு வரவில்லை, அவள்தான் கதவு தட்டி, “உங்க பூசணி வீட்டு விதையா, கடை விதையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். (இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்று அதட்டியிருக்கிறேன்.) எல்லா வீட்டிலும் வீட்டு விதைதான், கலக்காதது என்று நம்ப முடியாது. சிலர் சிரித்தார்கள், ஒருத்தி, “பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு பாடா?” என்றும் கேட்டாள். கடைசியில் படகுத்துறைப் பக்கம் லுவோ என்பவரின் மனைவி, எனக்கு அதுவரை முகப் பழக்கம்கூட இல்லை, கடை விதைதான் போட்டிருந்தாள். யாருக்கு விருந்து என்று கேட்டாள். பேத்திக்கு என்றாள் ஹுய்லியன். அந்த அம்மாள் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாக உருட்டி வெளியே தள்ளினாள். “எனக்கு மூணும் பொண்ணுதான். ஒருத்திக்கும் மாச விருந்து வைக்க விடல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க” என்றாள். நாளை விருந்துக்கு நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி நீ உன் கடிதத்தில் கேட்டதற்கு வருகிறேன். ஊர்க்காரர் கொண்டுவந்து கொடுத்த பூசணியை வேகவைத்தேன், கஞ்சியாகிவிட்டது, மாப்பிள்ளை கரண்டியால் சாப்பிட்டார் என்று எழுதியிருந்தாய். நீ நெடுக்காகப் பிளந்திருப்பாய், நிறைய நேரமும் விட்டிருப்பாய். இழை காயைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அதனால் குறுக்கே வளையம் வளையமாக அறுத்தால்தான் நீளமாக வரும். விதையை வழித்துவிட்டு ஆவியில் வை, பாதி ஊதுபத்தி எரியும் நேரம் போதும், தோலில் குச்சி இறங்கும்போதே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடு. தண்ணீருக்குள்ளேயே விரலால் உள்பக்கம் அழுத்தினால் நூல்கண்டு பிரிகிற மாதிரி பிரியும். நன்றாகப் பிழி. உப்பு, துளி சர்க்கரை, மேலே வெங்காயத்தாள், அதன்மேல் காய்ந்த எண்ணெய், கடைசியில் நல்லெண்ணெய். சாப்பிடும் நேரத்தில் கலந்தால் போதும், முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டு நொறுநொறுப்பு போய்விடும். உங்கள் ஊரில் அடுப்புகூட வேண்டாம், அறுத்த வளையத்தை ராத்திரி ஜன்னலுக்கு வெளியே வைத்து உறையவிட்டு, காலையில் தண்ணீரில் போட்டால் தானே பிரிந்துவிடும். மாதம் முடிந்துவிட்டது என்று உடனே குளிர்ந்ததைத் தொடாதே, பால் கொடுக்கிறவள். இப்போதைக்கு இழையை முட்டையில் கலந்து அடை மாதிரி ஊற்றிச் சாப்பிடு, இல்லையென்றால் காய்ந்த இறால் போட்ட சூப்பில் கடைசியாக ஒரு பிடி போட்டு இறக்கு. மாப்பிள்ளைக்குப் பன்றி இறைச்சி நறுக்கோடு பெரிய தீயில் ஒரு புரட்டு. வீண் செய்யாதே, விதையையும் வறுக்கலாம்.

விருந்தன்று எட்டுத் தட்டும் மேசைக்கு வந்தன. லுவோ மனைவியைப் பெரியப்பா மேசையிலேயே உட்காரவைத்தேன். உன் பெரியப்பா பூசணி இழையை நறுக் நறுக்கென்று மென்றுகொண்டே, “பொண்ணுக்கே இப்படின்னா, பையன் பொறந்திருந்தா என்னதான் வச்சிருப்ப?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். ஹுய்லியன்தான் தட்டோடு பக்கத்தில் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “இதேதான் பெரியப்பா. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது” என்று சொல்லிவிட்டு அவர் கிண்ணத்தில் இன்னொரு பிடி வைத்தாள். அவள் முகம் அப்படியே சிவந்துபோய்விட்டது, ஆனால் அங்கிருந்து நகரவில்லை. லுவோ மனைவி தன் மதுக் கிண்ணத்தைத் தூக்கி, “கொழந்த பேரென்ன?” என்று கேட்டாள். நான் சொன்னேன். அந்த மேசையில் ஒவ்வொருவராக அந்தப் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள், உன் பெரியப்பா கடைசியாக.

மகளே, நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் இருங்கள். கடை விதை ஒரு பொட்டலம் இதோடு வருகிறது, பக்கத்தில் வேறு பூசணி இல்லாத இடமாகப் பார்த்துப் போடு. பெண்தானே என்று அங்கே யாராவது இழுத்தால் தலையைக் குனியாதே. எட்டுத் தட்டு வைத்தோம் என்று சொல்.

உன் அம்மா
(அக்கா, அம்மா சொன்ன எதையும் நான் விடவில்லை. ஹுய்லியன்)